பின் சீட்டில் ரெஜிஸ்

என் கணவர் ரெஜிஸ் முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். முன்னால் உட்கார்ந்தே பழகிப்போன மனிதர். பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, அவர் பிரேக் போடும் லட்சணத்தை முறைத்துக்கொண்டே வருவார். எழுபது வயதைத் தாண்டியதும் அவருடைய இடது கைப் பெருவிரல் மூட்டு மக்கர் செய்ய ஆரம்பித்தது. அன்றே சாப்பாட்டு மேசையில் அறிவித்துவிட்டார்.

“கிளட்ச் பிடிக்க முடியாம போற அன்னிக்கு பைக்கை வித்துடுவேன், ஒடில். பின்னாடி உக்காந்து வர நான் என்ன மூட்டையா?”

“அப்ப இத்தனை வருஷமா பின்னாடி வந்த நான் மூட்டையா?”

“நீ அழகான மூட்டை.”

அந்தக் கோபத்தில்தான் அறுபத்தாறு வயதில் போய் பைக் லைசென்ஸ் எடுத்தேன். ஓட்டுநர் பள்ளியில் என்னோடு படித்தவர்களுக்கெல்லாம் அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. முதல் தேர்வில் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாகச் சாய்த்தேன். இரண்டாவது முறை தேறிவிட்டேன். ரெஜிஸ் ஒரு நல்ல ஒயின் பாட்டிலைத் திறந்து என் கன்னத்தில் முத்தமிட்டார். “அவசர ஆத்திரத்துக்கு உதவும்” என்று சொல்லிவிட்டு சாவியைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் நாங்கள் பைக்கில் கிளம்பிவிடுவோம். பெட்டியில் ரொட்டி, சாஸேஜ், மழைக்கோட்டு. எந்த ஊரில் நல்ல சாப்பாடு கிடைக்கிறதோ அந்த ஊரில் தூக்கம். வருடத்தில் எனக்கு உயிரான நாட்கள் அவை. பைக் போனால் அவையும் போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது.

இந்த வருடம் கந்தால் மலைப்பக்கம் போனோம். சாலே ஊரைத் தாண்டியதும் ஒரு பெண்மணி தன் செம்மாடுகளைச் சாலையில் ஓட்டி வந்தாள். மாடு நகர்ந்தால் நாங்கள் நகர வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளட்ச். ரெஜிஸின் தோள் இறுகுவது பின்னாலிருந்த எனக்குத் தெரிந்தது. அப்புறம் கை சட்டென்று விட்டுவிட்டது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்து, நிதானமாகச் சாய்ந்து, எங்கள் இருவரையும் புல்லில் படுக்கவைத்தது.

அடி ஒன்றும் இல்லை. மாட்டுக்காரப் பெண்மணி ஓடி வந்து வண்டியைத் தூக்க உதவினாள்.

“என் மாடுங்ககூட இவ்வளவு பதமா படுக்காதுங்க, முசியே,” என்றாள்.

ரெஜிஸ் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்தார். பெருவிரல் வளைய மறுத்தது.

“முடிஞ்சுது. ஊருக்குப் போனதும் வித்துடலாம்,” என்றார்.

அத்தோடு என் ஜூன் மாதங்களும் போயின. ஆனால் பசியும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நேரம் தவறினால் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அழுது கெஞ்சினாலும் ஒரு முட்டைகூடப் பொரித்துத் தரமாட்டார்கள்.

“விக்கிறதை அப்புறம் பாக்கலாம். இப்ப சாவியைக் குடு.”

அவர் மாடுகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு சாவியைக் கொடுத்தார். பின் சீட்டில் ஏற அவருக்குத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்று நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. மாட்டுக்காரி வாய்விட்டே சிரித்தாள்.

கிளம்பியதுமே ஹெல்மெட்டுக்குள் இருந்த மைக்கில் ஆரம்பித்துவிட்டார்.

“மூணாவது கியர் போடு. வளைவு வருது. வளைவு வருதுங்கறேன்!”

“எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு.”

“சீக்கிரம் பிரேக் போட்டுட்டே.”

மைக்கை அணைத்தேன். பின்னால் ஒரு பெரிய மௌனம் உட்கார்ந்துகொண்டது.

ரெஜிஸ் எதை விட்டாலும் சாலை மரியாதையை விடமாட்டார். எதிரே பைக் வந்தால் இடது கையின் இரண்டு விரல்களை நீட்டி வணக்கம். கார் ஒதுங்கி வழிவிட்டால், தாண்டும்போது வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி நன்றி. இதைச் செய்யாத பைக்காரனை அடுத்த கிராமம் வரும்வரை திட்டிக்கொண்டு வருவார். ஆனால் எனக்கோ புதுசு. கைப்பிடியிலிருந்து ஒரு விரலை எடுக்கவும் பயம். எதிரே வந்த இரண்டு பைக்காரர்கள் வணக்கம் வைத்துப் போனார்கள். நான் மரம் மாதிரி போனேன். பின்னால் ரெஜிஸ் நெளிவது தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் சுற்றுலாக்காரர்கள் உள்ளேயே தூங்கும் படுக்கை வேன் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் நல்ல மனிதர், எங்களைக் கண்ணாடியில் பார்த்ததும் ஓரம் ஒதுங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன். காலை நீட்ட வேண்டும். என் குட்டைக் கால் பிடித்த இடத்தைவிட்டு அசைய மறுத்தது. இத்தனை நல்லவருக்கு நன்றி சொல்லாமல் போகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

அப்போது வண்டி வலப்பக்கம் லேசாகக் கனத்தது. திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு பெரிய பூட்ஸ் கால், மந்திரி கை அசைப்பதுபோல் கம்பீரமாக, காற்றில் நீண்டிருந்தது. வேன்காரர் ஹார்ன் அடித்துச் சந்தோஷத்தைத் தெரிவித்தார்.

நான் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வளைவில் ஒரு பைக் வந்தது. என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து இடது கை ஒன்று புறப்பட்டது. பெருவிரல்தான் பழுது, வணக்கத்துக்கு வேண்டிய இரண்டு விரல்களும் ஜம்மென்று நீண்டன. அதற்குப் பிறகு ஒருவரையும் விடவில்லை. டிராக்டருக்குக் கால், சைக்கிள்காரருக்குக் கை, வேலியோரம் நின்ற கழுதைக்கும் ஒரு வணக்கம்.

விடுதிக்குள் நுழைந்தபோது முதலாளி அம்மா எங்களுக்காக அடுப்பை அணைக்காமல் வைத்திருந்தாள். சீஸும் உருளைக்கிழங்கும் நூல் நூலாக இழுபட, சட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒயின் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்:

“வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு வாய்தான் ஊத்துவேன். யாரு ஓட்டுறது?”

நான் ரெஜிஸைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்தேன்.

ரெஜிஸ் தன் கிளாஸை முன்னால் தள்ளினார்.

“எனக்கு நிறைய ஊத்துங்க, மதாம். ஓட்டுறது இவ. மரியாதை மட்டும்தான் என் இலாகா.”

பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, “அடுத்த ஜூன்ல எந்தப் பக்கம் போலாம்?” என்றார்.