பூச்சி அரித்த நூல்

சால்வையின் ஒரு மூலையில் மட்டும் இன்னும் பதினாறு குண்டூசிகள் குத்த இருந்தபோது வேலிப் படலையின் கம்பி இழுபடும் சத்தம் கேட்டது. நிலத்தில் போட்டிருந்த ஸ்பொஞ்ச் மெத்தையின் அருகே முழந்தாளில் இருந்த தாட்சாயினி அப்படியே அசையாமல் இருந்தாள். வாயில் நாலைந்து ஊசிகளைக் கவ்வியிருந்தாள். மத்தியானம் ஒன்றரை மணி. இந்த ஆவணி வெயிலுக்கு, இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள இந்தக் குடியேற்றத்தில் நாய்கூட ரோட்டில் இறங்காது. அந்த நேரத்தை நம்பித்தான் அவள் சால்வையை நனைத்திருந்தாள்.

"பிள்ளை தாட்சா... நிக்கிறியே?"

விமலேஸ்வரியின் குரல். வேறு யார் வந்திருந்தாலும் தாட்சாயினி ஊசிகளைத் துப்பிவிட்டுச் சாதாரணமாக எழும்பிப் போயிருப்பாள். விமலாக்காவின் குரலைக் கேட்டதும் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்தாள்.

சால்வையை ஒளிக்க வழியில்லை. லேஸ் சால்வை பின்னி ஊசியிலிருந்து இறக்கும்போது கசக்கி எறிந்த சீலைத்துண்டு மாதிரித்தான் இருக்கும். அதை நனைத்து, பிழிந்து, நாலு பக்கமும் இழுத்து, விளிம்பில் விரல்கடைக்கு ஒன்றாகக் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் துளைகள் திறந்து கோலம் தெரியும். பாதி ஈரத்தில் ஊசியைப் பிடுங்கினால் மறுபடியும் சுருண்டுவிடும். மெத்தை முழுக்க விரிந்து கிடந்த அந்த நீலத்தை அவளால் மடிக்கவும் முடியாது, சுருட்டவும் முடியாது. நாளை விடிய அதை எடுத்துக்கொண்டு அவள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே ஒரு கைவேலைக் கண்காட்சி. அவள் பின்னிய ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு அதை நடத்துகிற பெண் ஃபோனில் கேட்டிருந்தாள், "இது உங்கட சொந்த வடிவமோ?" என்று. "ஓம்" என்று சொன்னாள் தாட்சாயினி. அது பொய்யில்லை. அந்தப் பெண் நூலைப் பற்றிக் கேட்கவில்லை.

அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். நிலையோடு பொருந்தாத கதவு அது, ஒரு சாண் அளவுக்குத் திரும்பவும் திறந்துகொண்டது. உள்ளே சால்வைக்காகச் சுழன்றுகொண்டிருந்த மேசை விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் கிறீச்சிட்டது.

"வாங்கோக்கா. இந்த வெயிலுக்குள்ள?"

"வெயில் எண்டாத்தான் ரோட்டில சனம் இல்லை," என்று சொல்லிக்கொண்டு விமலேஸ்வரி விறாந்தையில் ஏறிக் கதிரையில் இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடங்களாக அவள் ஊருக்குள் நடமாடுவது இப்படிச் சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் வந்த ஒரு தொண்டு நிறுவனம் இந்த ஊர்ப் பெண்கள் பதினொரு பேருக்குக் கம்பளி நூலில் பின்னப் பழக்கியது. வேர்த்து ஒழுகும் கையால் வெள்ளைக்காரரின் குளிருக்குப் பின்னினார்கள். சிரித்துச் சிரித்துப் பின்னினார்கள். அவர்களில் யாருக்கும் அதற்கு முன் இரண்டு வருடமாகச் சிரிப்பு வந்ததில்லை. விமலேஸ்வரிதான் தலைவி, கையும் அவளுக்குத்தான் திறம். பிறகு நிறுவனக்காரர், திட்டம் முடிந்துவிட்டது, திரும்பி வருவோம் என்று மூன்று உரப்பை நிறைய நூலை விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது பூட்டுப் போட்ட அலுமாரி இருந்தது தாட்சாயினி வீட்டில் மட்டும். பதினொரு பேருக்கும் பொதுவான நூல் அவளிடம் வந்தது அப்படித்தான்.

வருடங்கள் போய் ஒருநாள் அவள் முதல் பையைத் திறந்தபோது பூச்சி அரித்து, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. பார்க்காமல் விட்டது தன் பிழை என்ற பயத்தில் மற்றப் பைகளைத் திறக்காமலே விமலாக்காவிடம் ஓடினாள். எல்லாம் அரித்துப் போய்விட்டது, எரித்துவிட்டேன் என்றாள். விமலாக்கா நம்பினாள். அடுத்த கிழமை மற்ற இரண்டு பைகளையும் திறந்தால் நூல் அப்படியே புதுசாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். அந்த நாளை வரவே இல்லை. நூலைக் கையில் எடுத்தபோது விரல்கள் தாமாகப் பின்னத் தொடங்கிவிட்டன. கணவன் சிவராசா கேட்டதற்குக் கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பினது என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு சின்னப் பொய்தான். ஆனால் ஊரில் கதை எழும்பியது. நூல் அரிக்கவில்லை, தலைவி வவுனியாவில் ஒரு கடைக்கு விற்றுவிட்டா என்று. மாதர் சங்கக் கூட்டத்தில், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான சிவனேஸ்வரி எழும்பி நேரே கேட்டாள். விமலேஸ்வரி, "பூச்சி அரிச்சது எண்டு சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொன்னாள், யாருடைய அலுமாரி என்று சொல்லவில்லை. தாட்சாயினி மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழும்பவில்லை. அன்றைக்குப் பதவியை விட்டவள்தான், விமலேஸ்வரி பிறகு அந்த மண்டபப் பக்கம் போகவில்லை.

"தேத்தண்ணி போடட்டே அக்கா?"

"வேண்டாம். இரு. ஒரு சங்கதி சொல்ல வந்தனான்." விமலேஸ்வரி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "வினோஜாவுக்கு விசா வந்திட்டுது. பின்லாந்து. வெள்ளிக்கிழமை போறாள்."

"ஐயோ, மகளுக்கு வந்திட்டுதே! நல்ல விசயமெல்லே அக்கா!"

"ஓம். வியாழன் மத்தியானம் வீட்டில சின்னச் சாப்பாடு ஒண்டு. நீ வரவேணும். வேற ஒருத்தருக்கும் சொல்லேல்லை." விமலேஸ்வரி முற்றத்தைப் பார்த்தபடி சொன்னாள். "ஆரைக் கூப்பிடுறது? இந்த ஊரில என்னைக் கள்ளி எண்டு நினைக்காதது நீ ஒருத்திதான்."

உள்ளே விசிறி கிறீச்சிட்டது. தாட்சாயினி முந்தின இரவு கேட்ட மழைச் செய்தியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"உள்ளுக்கு ஆர்? சிவராசா வயலுக்குப் போகேல்லையே?"

"போயிட்டார் அக்கா. விசிறியை நிப்பாட்ட மறந்து போனன்."

சொன்ன பிறகுதான், எழும்பிப் போய் நிப்பாட்ட வேண்டும் என்று உறைத்தது. எழும்பினால் கதவைத் திறக்க வேண்டும். எழும்பாவிட்டால் அது இன்னும் பிழையாகப் படும். அவள் எழும்பவில்லை. விமலேஸ்வரி கதவின் அந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தாளோ இல்லையோ தெரியவில்லை.

"அங்க பனியாம் பிள்ளை. எட்டு மாசம் குளிர். எங்கட அந்த நூலில ஒரு துண்டாவது மிஞ்சியிருந்தா நானே என்ர கையால ஒண்டு பின்னிக் குடுத்திருப்பன் எண்டு ராத்திரி நினைச்சனான். ஒரு பிடி நூல்கூட மிஞ்சேல்லை, என்ன?"

"இல்லையக்கா."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். விமலேஸ்வரி தலையாட்டினாள். எழும்பினாள். எழும்பும்போது, பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் கிடக்கிற தூசைத் தட்டிவிடுவார்களே, அப்படி, தாட்சாயினியின் தோளிலிருந்து எதையோ எடுத்தாள். ஒரு விரல் நீளத்துக்கு நீல நூல். அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒருதரம் உருட்டினாள். பிறகு கதிரையின் கைப்பிடியில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அப்ப போட்டு வாறன். வியாழக்கிழமை மறந்திடாதை."

முற்றத்தில் இறங்கினாள். தாட்சாயினி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பிவிட்டேன் என்று மனம் சொன்னது. இன்னும் இருபது அடி. கிணற்றைத் தாண்டினாள். முருங்கை மரத்தைத் தாண்டினாள். படலைக் கம்பியில் கை வைத்தாள். வியாழக்கிழமை அந்த வீட்டில் வாழை இலைக்கு முன்னால் இருந்து, விமலாக்கா கையால் பரிமாறுகிற சோற்றைத் தான் பிசைவதை நினைத்தபோது தாட்சாயினி படி இறங்கினாள்.

"அக்கா... நில்லுங்கோ."

விமலேஸ்வரி திரும்பினாள்.

"உள்ளுக்கு ஒருக்கா வாங்கோ."

அறை வாசலில் விமலேஸ்வரி செருப்போடு நின்றாள். கழற்ற மறந்திருந்தாள். மெத்தையில், ஊசிகளின் நடுவே, சால்வை ஈரத்தோடு மினுங்கியது. ஓரமெங்கும் நெல்மணி அளவில் சாய்ந்த துளைகள். உள்ளே பிறை பிறையாக ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகும் வளைவுகள். குளத்தின் துருசுக் கதவு திறந்த அன்று, காய்ந்த வாய்க்காலில் ஓடிவந்த முதல் தண்ணீர் கட்டுக்குக் கட்டு விழுந்து நுரைத்ததைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக்கோட்டுக் கொப்பியில், ஒரு பெட்டிக்கு ஒரு பின்னல் கண் என்று தாட்சாயினி வரைந்த கோலம். எந்த நீலமும் முழுச் சால்வைக்குப் போதவில்லை. அதனால் நாலு நீலத்தையும் நிறுத்துப் பார்த்து, கருநீலத்தில் தொடங்கி வெளிறிக்கொண்டு போகும்படி வரிகளைப் பிரித்திருந்தாள். ஏழு தரம் அவிழ்த்துப் பின்னியது.

விமலேஸ்வரி குனிந்தாள். விரலை நீட்டினாள், தொடவில்லை.

"எங்க பாத்துப் பின்னினனி? ஃபோனிலயோ?"

"இல்லையக்கா. நானா யோசிச்சது."

விமலேஸ்வரியின் பார்வை ஒரு பிறையிலிருந்து அடுத்ததற்கு, எங்கே கண் கூடுகிறது எங்கே குறைகிறது என்று எண்ணிக்கொண்டு போவது தாட்சாயினிக்குத் தெரிந்தது. வேறு யாராலும் அதை அப்படிப் பார்க்க முடியாது. அந்த ஒரு கணம் அவளுக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோசம் வந்தது. உடனேயே அது செத்துப்போனது.

"வடிவில்லாமல் பின்னியிருந்தா ஏசிப்போட்டுப் போயிருப்பன்," என்றாள் விமலேஸ்வரி. குரல் தணிந்துதான் இருந்தது. "நூலைத் தொட்டா எனக்குத் தெரியாதே? படலை வரைக்கும் போவம், கூப்பிடுறாளோ பாப்பம் எண்டுதான் மெல்ல நடந்தனான்."

"அக்கா, முதல் பை உண்மையாவே அரிச்சுத்தான் கிடந்தது. பயத்தில..."

"முதல் பை சரி. மற்றது?"

தாட்சாயினி சால்வை விளிம்பில் சரிந்திருந்த ஊசி ஒன்றை நேராக்கினாள்.

"கூட்டத்தில மூண்டாவது வரிசையில இருந்தனி. நான் உன்ர பேரைச் சொல்லேல்லை. ஏன் தெரியுமே? உன்னில பழி விழுந்திடும் எண்டு." விமலேஸ்வரி சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்தாள். அதை இறுக்கிக்கொண்டாள். "வினோஜாவைப் பள்ளிக்கூடத்தில நூல்கள்ளியின்ர மகள் எண்டு கூப்பிட்டவையள். என்னட்டைச் சொல்லேல்லை அவள். கொப்பிக்குப் பின்னால ஆரோ எழுதி வைச்சதை நானாத்தான் பாத்தனான்."

"இதை வினோஜாவுக்குக் குடுங்கோ அக்கா. யாழ்ப்பாணத்துக்கு நான் போகேல்லை. ராத்திரிக்குள்ள காய்ஞ்சிடும். உங்கட காலில விழுறன்."

"விழாதை. சால்வை ஆருக்கு வேணும்? குளிருக்கு அவள் அங்க ஒரு ஜக்கெற் வாங்குவாள்." விமலேஸ்வரி குனிந்து விசிறியை நிப்பாட்டினாள். அறை திடீரென்று செவிடானது மாதிரி இருந்தது. "இண்டைக்கு மூண்டு மணிக்குச் சங்கக் கூட்டமெல்லே. தூக்கு."

"என்னத்தை?"

"மெத்தையை. அந்தப் பக்கத்தைப் பிடி."

"ஈரம் அக்கா. ஊசி..."

"ஊசியோடதான். நீ வாயால சொன்னா, நான் உனக்குச் சொல்லித் தந்து சொல்ல வைச்சது எண்டுவினம். கண்ணால பாக்கட்டும்."

மெத்தை வாசலால் நேரே வரவில்லை. சரித்தபோது ஊசிகள் ஒன்றிரண்டு கழன்று சீமெந்தில் விழுந்தன. விறாந்தை தாண்டி, முற்றம் தாண்டி, படலைக்கு வெளியே வந்தார்கள். விமலேஸ்வரி முன்னால், கைகளைப் பின்னால் விட்டு மெத்தையைப் பிடித்துக்கொண்டு. தாட்சாயினி பின்னால். கிரவல் ரோட்டில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசியது. நடுவில் சால்வை வெயிலில் கிடந்தது. அதைப் பார்க்காமல் நடக்க முயன்றாள், முடியவில்லை. எல்லோரும் பார்க்கப்போகிறார்கள். அவள் செய்ததில் மிக நல்லதையும் மிகக் கெட்டதையும் ஒரே மெத்தையில் பார்க்கப்போகிறார்கள்.

மூன்றாவது வீட்டில் சிவனேஸ்வரி கத்தரிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் வேலிக்கு வந்தாள். "என்ன விமலா, ஆருக்கும் சுகமில்லையே?" என்று கேட்டுக்கொண்டு வந்தவள் மெத்தையைப் பார்த்ததும் நின்றாள். அவளுடைய கண் நீலத்திலிருந்து தாட்சாயினியின் முகத்துக்குப் போய் மீண்டும் நீலத்துக்கு வந்தது. கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவளுடைய காலடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. விமலேஸ்வரி பதில் சொல்லாமல் நடந்தாள். பின்னால் படலை திறந்து, செருப்புச் சத்தம் ஒன்று அவர்களோடு சேர்ந்துகொண்டது. அடுத்த வளவிலிருந்து இன்னொன்று. தாட்சாயினி திரும்பிப் பார்க்கவில்லை. கை வேர்த்து மெத்தை வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள்.

கூட்டம் நடக்கும் பொதுநோக்கு மண்டபத்தின் தகரக் கூரை தெரிந்தபோது வயல்பக்கமிருந்து நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வேகமாக வந்தது. இருவரும் ரோட்டோரமாக ஒதுங்கினார்கள். அதன் இழுவைப் பெட்டி கடந்து போக, செம்மண் தூசி ஒரு சுவர் மாதிரி எழும்பி அவர்கள் மேல் சாய்ந்தது. தாட்சாயினி கண்ணை மூடப்போனாள்.

மூடுவதற்குள் பார்த்தாள். விமலேஸ்வரி தன் பக்க மெத்தையை முழங்காலில் தாங்கி, சட்டென்று திரும்பி, சேலைத் தலைப்பை உதறி அகல விரித்துச் சால்வைக்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக் குனிந்து நின்றாள். தூசி அவளுடைய தலையில், நரைத்த வகிட்டில், முதுகில், கழுத்து வேர்வையில் படிந்தது. அவள் இருமினாள். தலைப்பை விடவில்லை. சத்தம் தூரப் போய், காற்று தெளியும் வரை அப்படியே நின்றாள்.

பிறகு தலைப்பை மெல்ல எடுத்து, ஒருதரம் பக்கத்தில் உதறி இடுப்பில் செருகினாள். தாட்சாயினியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி மெத்தையைப் பிடித்தாள்.

"தூக்கு," என்றாள்.