ரோட்டில் அடித்த ராகி

ராகிக் கதிரைத் தார்ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற லாரியே கூலியில்லாமல் அடித்துக் கொடுத்துவிடும். சானமாவுக் காட்டோரத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான், மங்கம்மாவும் செய்தாள். லாரி ராகியை மட்டுமா உதிர்த்தது? ரோட்டுக் கல்லையும் சேர்த்துக் கலந்து வைத்தது. ஓசூர் கொள்முதல் நிலையத்தில் ஒரு கை அள்ளிப் பார்த்தவர், "கல்லைப் பொறுக்கிட்டு வாம்மா. நாளையோட கொள்முதல் முடியுது" என்று மூட்டைகளைத் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து, ஒற்றை முறத்தோடு உட்கார்ந்தாள். எதிரே ஆறு மூட்டை. அரசாங்க விலை கைநழுவினால் வியாபாரி கேட்கிற அடிமாட்டு விலைதான்.

அப்போது பார்த்து வளைவுக்கு அப்பால் யானைகள் குட்டிகளோடு ரோட்டைக் கடக்க ஆரம்பித்தன. வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து ஓசூர் திரும்பும் பெண்களின் கம்பெனி பஸ், தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றது. யானைக்கு ஹாரன் அடிக்கவா முடியும்?

ஜன்னலில் ஒரு தலை நீண்டது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, மத்திகிரியில் வாடகைக்கு இருக்கும் லாவண்யா.

"என்னக்கா, ஒத்தையிலயா புடைக்கீங்க?"

"என்ன பண்றது கண்ணு? கல்லு இருக்குதுன்னு திருப்பி உட்டுட்டாங்க. இன்னிக்குப் போகலன்னா வியாபாரிக்குத்தான் கொட்டணும்."

லாவண்யா இறங்கி வந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "ரேஷன் ராகியில கல்லைக் கடிச்சு என் பல்லே போச்சுக்கா. அது உங்க ராகிதானா?"

மங்கம்மா தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகக் கல்லைப் பொறுக்கினாள். லாவண்யா பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ, எல்லாரும் இறங்குங்கடி! இது நம்ம வீட்டு அடுப்புக்குத்தான் வரப்போகுது!"

அத்தனையும் விவசாய வீட்டுப் பெண்கள். பக்கத்து வீடுகளிலிருந்து முறங்கள் வந்தன. ராத்திரி முழுக்க போன் பாகம் பொருத்திய விரல்களுக்குக் கல் பொறுக்குவதெல்லாம் ஒரு வேலையா? யானைகள் போன பிறகும் ஒருத்தியும் எழவில்லை. டிரைவர் மூர்த்தி கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் கோணூசி வாங்கி அவரே மூட்டை தைத்தார். மூட்டைகளோடும் முறத்தோடும் மங்கம்மா அந்த பஸ்ஸிலேயே ஓசூர் போனாள்.

நிலையத்தில் அதே ஆள் மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். "ஏத்தும்மா தராசுல!"

மங்கம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் வழியெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. லாவண்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, அந்தப் பல்லுக்கு நானே வைத்தியம் பாக்கறேன். எந்தப் பல்லு?"

லாவண்யா 'ஈ' என்று இளித்துக் காட்டினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"அடிப்பாவி!" என்று மங்கம்மா முறத்தை ஓங்கிக்கொண்டு அவளைத் துரத்தினாள்.