கேஸ் கொடுக்க ஆளில்லாத காலனி

உப்புக்கிடங்குக் காலனியில் ஒருவருக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டுமென்றால், அவர் ஒரு குற்றம் செய்து, அதைச் சுயாதீன இயக்குநர் ஒருவர் படமாக எடுத்து முடித்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் பிறந்தநாள் வந்தால் போதும் என்கிறார்கள். அங்கெல்லாம் அப்படித்தான் போல. காலனியின் வயதுப் பேரேடு போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஏட்டு தங்கமாரி படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, பதினேழை அடித்துப் பதினெட்டு என்று எழுதுவார். பாட்டு வைத்த படம் செல்லாது.

எஸ்தருக்கு இந்த வருஷம் அவசரம். நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதினெட்டு வயதோடு போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. தவறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காரணம், வீட்டிலேயே இருந்த ரெஜினா சித்தி.

ரெஜினாவின் படத்தை எடுத்தவர் இடைவேளை வரைக்கும் எடுத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா" என்று போனார். இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ரெஜினாவுக்குப் பதினேழுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிளஸ் டூ சேருவாள். டீச்சர் லீவு போட்டால் பாடம் எடுப்பதும் அவள்தான். ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன்; இடது ஜடை நரைத்துவிட்டது. பதினெட்டு ஆனதும் கட்டிக்கொள்வதாகச் சொன்ன சாலமோன் ஏழு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பாவம், அந்த மனுஷனை மட்டும் என்ன சொல்வது?

எஸ்தருக்கு வாய்த்த இயக்குநர் பெயர் வாகீசன். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து திங்கட்கிழமை வேனில் வந்து இறங்கினார். படம் எடுக்க வருகிறார்கள் என்றதும் காலனிக்காரர்கள் வழக்கம்போல சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, வாசலில் கலர் கோலம் போட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில் நின்றார்கள். வாகீசனுக்கு முகம் செத்துவிட்டது.

"என்னங்க இது? யதார்த்தம் எங்கே?"

நல்லவேளை, அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். வேனில் இரண்டு டிரம் நிறைய சாக்கடை இருந்தது. அதைத் தெருவில் ஊற்றச் சொன்னார். அவர் திரும்புவதற்குள் பொம்பளைகள் துடைப்பத்தோடு வந்து கழுவிவிட்டார்கள். இவர் ஊற்ற, அவர்கள் கழுவ, செவ்வாய்க்கிழமை அதிலேயே போயிற்று. சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள் என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

புதன்கிழமை குற்றம். சுயாதீனப் படம் என்பதால் நடிப்பெல்லாம் கிடையாது. நிஜமாகவே திருட வேண்டும், பறிகொடுத்தவர் நிஜமாகவே கேஸ் கொடுக்க வேண்டும். எஸ்தர் பக்கத்து வீட்டு அமுலுவின் சமையலறைக்குள் நுழைந்து மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அமுலு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏய் எஸ்தரு! மூடிய வுட்டுட்டு இன்னாத்துக்கு ஓடுற? சின்ன ஜாரும் கீது, எடுத்துக்கோ!"

மீன்காரர் ஜெபமணியின் ஸ்கூட்டரைத் திருடப் போனபோது, அவர் பெட்ரோல் ரொப்பி, துடைத்து, சாவியோடு வாசலில் நிறுத்தியிருந்தார். ஏட்டு தங்கமாரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"கேஸ் குடுக்கிறியாய்யா?"

"எதுக்கு சார்? நம்ம பொண்ணு, நர்சுக்குப் படிக்கப் போவுது. அதும் மேல கேஸா? வாய் அழுகிடும்."

"மனசோட குடுத்தத திருட முடியாதும்மா" என்று ஏட்டு நோட்டை மூடினார்.

வியாழக்கிழமை இருட்டுவதற்குள் எஸ்தர் வீட்டில் ஐந்து மிக்ஸி, ஒரு பிரிட்ஜ், ஒரு ஸ்கூட்டர், ஒரு வெள்ளாடு சேர்ந்துவிட்டன. குற்றம் மட்டும் ஒன்றுகூட இல்லை. எஸ்தர் ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாசம் வெச்சே என்னக் கொன்னுடுவாங்க சித்தி."

ரெஜினா அவள் தலையைத் தடவிவிட்டு, மறுநாள் பரீட்சைக்குப் படிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. வாகீசன் கடிகாரத்தைப் பார்த்தார், சோம்பல் முறித்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வார்த்தை. எஸ்தர் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். ரெஜினா தயாராக இருந்தாள். ஷூட்டிங் என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் இருபத்தைந்து வருஷமாக ஃபிளாஸ்க்கும் கையுமாக நிற்பவள் அவள்.

"டீ இங்கயே இருக்கு சார். இஞ்சி போட்டது. நீங்க எங்கயும் போகாதீங்க."

"நான் பால் டீ குடிக்கிறதில்லம்மா" என்று சொல்ல வாகீசன் அவள் பக்கம் திரும்பினார்.

இந்த ஆள் போனால் போகட்டும், கேமரா போகக் கூடாது என்று எஸ்தருக்குத் தோன்றியது. தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"திருடி! என் கேமரா! பிடிங்க அவள, திருடி!"

அந்த வாரம் முழுக்க அப்படி ஒரு சொல் அந்தத் தெருவில் விழவே இல்லை. ஜனங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேஸ் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது! ஜெபமணியும் அமுலு புருஷனும் வாகீசனை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

கேமரா அணையாமலே இருந்திருக்கிறது. தங்கமாரி புகாரை எழுதிக்கொண்டு, இருபத்திரண்டு நிமிஷப் படத்தை முழுசாகப் பார்த்தார். வெள்ளைச் சுவர்கள், கலர் கோலம், எஸ்தரின் முழங்கால், கைதட்டும் பட்டுப் புடவைகள். பாட்டு இல்லை. ஸ்டேஷன் வாசலில் வந்து முடிகிறது. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினேழை அடித்துப் பதினெட்டு என்று எழுதினார். மணி நாலு பத்து.

"பின்னாடியே ஃபிளாஸ்க் எடுத்துக்கினு ஓடி வர்றது யாரு? உடந்தையா?"

"ஆமா சார், உடந்தைதான், உடந்தைதான்!" என்றாள் ரெஜினா. 

ஏட்டு பீரோவிலிருந்து அவளுடைய பழைய முதல் பாதியை எடுத்துத் தூசி தட்டி, இதை இரண்டாம் பாதியாக வைத்துக் கட்டினார். ரெஜினாவுக்கும் பதினெட்டு. அவள் அங்கேயே நின்று ரிப்பனை அவிழ்த்தாள்.

புகாரில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது.

"உங்க வயசு?"

"முப்பத்தி நாலு" என்றார் வாகீசன்.

"படம்?"

"இதுதான் சார் என் முதல் படம்."

"இத எடுத்தது எஸ்தராச்சே? அப்ப உங்களுக்குப் படமே இல்ல."

ஏட்டு பதினேழு என்று எழுதினார். சின்னப் பையன் கொடுக்கும் புகாரில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். பதினெட்டு ஆகிவிட்ட எஸ்தர் பேனாவை வாங்கி, தன்மேல் கொடுத்த புகாரில் அவருக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெபமணியின் ஸ்கூட்டரில் கல்லூரிக்குக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை பிளஸ் டூ வகுப்பில் ரெஜினாவின் இடம் காலியாக இருந்தது. வாகீசன் அதில் போய் உட்கார்ந்தார். முதல் பீரியட் கணக்கு.