ஐந்தரை அடி

"தள்ளுங்க... இன்னும் கொஞ்சம்... போதும், போதும், முட்டுது!" என்று மாமா கத்தினார்.

முட்டாமல் என்ன செய்யும்? பிக்கப் வண்டியின் தொட்டி ஐந்தரை அடி. அப்பாவை வைத்திருந்த பெட்டி ஆறரை அடி. தலைமாடு கேபின் சுவரில் போய் இடித்து நின்றது. கால்மாடு ஒரு அடி வெளியே நீட்டிக்கொண்டு, கிடையாகத் திறந்துவிட்ட பின்கதவின் மேல் கிடந்தது. அதற்கு அப்பால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை.

மயான வண்டி வழியிலேயே நின்றுபோய்விட்டது. வேறு வண்டி சாயங்காலம்தான் வரும் என்று தகவல் வந்தபோது, "நம்ம வண்டிதான் நிக்குதே, அதுல கொண்டு போலாம்" என்று சொன்னது அம்மாதான். பாதையோ மேட்டுப்பாதை. கல்லறைத் தோட்டம் உச்சியில்.

"கயிறு எடுங்கப்பா. குறுக்கால நாலு சுத்து சுத்தி இறுக்கிட்டா எங்கயும் போகாது" என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். கல்யாண வீடோ சாவு வீடோ, அவர் குரல்தான் எடுபட வேண்டும்.

"கயிறு வேண்டாம்" என்றாள் அம்மா, வாசற்படியில் உட்கார்ந்தபடியே.

"மேட்டுல ஏறும்போது சறுக்கிச்சுன்னா என்னக்கா பண்றது?"

"மூட்டையாடா அவரு? கட்டி ஏத்திட்டுப் போறதுக்கு?"

கயிற்றோடு வந்த பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா கதவு பொருத்திய வீடுகளுக்கெல்லாம் வர்ணம் அடித்தவர் அவர். மாமாவுக்குக் கோபத்தை யார்மேலாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்ற அக்கா மகளைப் பார்த்தார்.

"எட்டடி வண்டி வாங்கணும்னு மச்சான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. யாரு கேட்டா?"

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவள்தான்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவின் கதவு, ஜன்னல் பொருத்தும் வேலையில் சேர்ந்துகொண்டவள் அவள். பழைய வண்டி உயிரை விட்டதும் இருவருமாகத்தான் விற்பனை நிலையத்துக்குப் போனார்கள். அப்பா அளவு பார்க்கும் விதமே தனி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தொட்டியில் ஏறி மல்லாந்து படுப்பார். அவர் நீளத்துக்கு மேல் ஒரு சாண் மிச்சம் இருந்தால் ஒரு கதவு போகும், அதுதான் கணக்கு. விற்பனைப் பையன் பதறிப்போய், "சாருக்கு மயக்கமா மேடம்?" என்று தண்ணீர் கொண்டுவர ஓடினான்.

எட்டடித் தொட்டியில் கை காலை விரித்துப் படுத்துக்கொண்டு, "இது வண்டி" என்றார். ஐந்தரையில் முழங்காலை மடக்க வேண்டி வந்தது. "இது தொட்டி இல்ல, தொட்டில். புள்ளையப் போட்டு ஆட்டலாம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

எட்டடி வண்டியில் முன்னால் இரண்டே பேர்தான் உட்காரலாம். குட்டைத் தொட்டி வண்டியில் பின்சீட்டு உண்டு. அவளுக்கு அந்தப் பின்சீட்டுதான் கண்ணில் பட்டது. சிகிச்சை முடிந்து திரும்பும்போது அப்பா கால் நீட்டிப் படுத்துவரலாம், அம்மாவும் கூடவே வரலாம்.

"பின்சீட்டு வேணும்பா. ஆஸ்பத்திரிக்குப் போக வர உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்றாள்.

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். போட்டு முடிக்க நேரமாயிற்று.

"அப்ப இது வேலைக்கு வாங்குற வண்டி இல்ல" என்றார்.

அதோடு சரி. வாங்கும்வரை வாதாடியவர், வாங்கிய பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தப் பின்சீட்டில் ஒரு நாளும் உட்காரவும் இல்லை. சிகிச்சை முடிந்து குடலைப் புரட்டிக்கொண்டு வரும்போதுகூட முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் வந்தார். படுக்கவைத்துச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக முடியாத எட்டடி வண்டியை வாங்கினால் அப்பா இனி பிழைக்கமாட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாள் அவள். அவரோ, இனி உனக்கு வேலை இல்லை என்று மகளே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார் போல. இதை ஒரு நாள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம். பேசவில்லை. இனி யாரோடு பேசுவது?

"ஏம்மா" என்று அம்மா கூப்பிட்டாள். "ஷெட்டுல ஏதோ சட்டம் அடிச்சிட்டிருந்தாரு. வண்டிக்குன்னாரு. என்ன ஏதுன்னு நான் கேக்கல. போர்வை போட்டு மூடி வெச்சிருப்பாரு, போய்ப் பாரு."

போர்வையை இழுத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த மரச்சட்டம். திறந்துவிட்ட பின்கதவின் மேல் வைத்தால் தொட்டி நீண்டுவிடும். உள்ளே ஒரு முழுக் கதவைப் படுக்கப் போடலாம், பின்னால் சறுக்காது. இரண்டு முனையிலும் தொட்டியின் பக்கச் சுவரோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். இடது முனையில் துளை இருந்தது. வலது முனையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும். கடைசி நாட்களில் டிரில்லைத் தூக்கிப் பிடிக்க அவரால் முடியவில்லை.

பெயிண்டரும் அவளுமாகத் தூக்கி வந்து பெட்டியின் கால்மாட்டைச் சுற்றி மாட்டி, இடது முனைக்குப் போல்ட் போட்டார்கள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அவள் உள்ளே போய் டிரில்லையும் நீளமான ஒயரையும் எடுத்து வந்து ஜன்னல் வழியே பிளக்கைச் சொருகினாள்.

"ஐயையோ, எழவு வீட்டுல டிரில்லு போடுறாளே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மாமா சட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தார். தலையை ஆட்டினார். "பாத்தியா? சாகுற வரைக்கும் நீ பண்ண தப்பைத் திருத்திக்கிட்டே இருந்திருக்காரு மனுஷன்."

சுருக்கென்று தைத்தது. அப்படித்தான் இருக்குமோ? கோபத்தில் செய்ததுதானோ? அப்பாவின் கோபம் எல்லாம் மரத்தில்தான் இறங்கும். அம்மாவோடு சண்டை போட்ட அன்று அடித்த அடுக்களை அலமாரி இன்றைக்கும் தொடுகிற கையையெல்லாம் சிராய்க்கிறது. இழைக்கவே இல்லை அதை. "உன் வாய் மாதிரியே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

டிரில்லைக் குறியில் வைத்தாள். சட்டம் அசையாமல் இருக்க இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள். மரம் வழவழவென்று இருந்தது. யாரும் பார்க்கப்போகாத அடிப்பக்கம். கையை இன்னும் உள்ளே நகர்த்திப் பார்த்தாள். சிலாம்பு ஒன்றுகூட இல்லை. மூலைகளைக்கூட உப்புத்தாள் போட்டு உருட்டியிருந்தார்.

அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் மகளின் கைக்குப் பக்கத்தில் கைவிட்டுத் தடவினாள்.

"அடியிலகூட இழைச்சிருக்காரு" என்றாள்.

மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் பெட்டியின்மேல் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழுதாள். பிறகு மாமாவே வந்து சட்டத்தின் மறுமுனையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போடு. நான் பிடிச்சிக்கிறேன்."

துளை விழுந்தது. அப்பா ஊதுவதுபோல் ஊதித் தூளைப் போக்கிவிட்டு போல்ட்டை முடுக்கினாள். வெளியே நீட்டும் சரக்குக்குச் சிவப்புத்துணி கட்டாமல் அவர் தெருவில் இறங்கியதே கிடையாது. டாஷ்போர்டில் இருந்த துணியை எடுத்துச் சட்டத்தின் நுனியில் கட்டினாள்.

அம்மா பின்சீட்டில் ஏறினாள். திரும்பி, பின்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். மேட்டில் ஏறி முடிக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. பெட்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. "அந்தச் சட்டத்தைக் கழட்டிப் போட்டுட்டு பின்கதவ மூடிடேன். வெறும் வண்டிதானே" என்றார் மாமா.

"இருக்கட்டும் மாமா."

மெதுவாக ஓட்டினாள். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. சிவப்புத்துணியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, தள்ளியே வந்தது.