குட்டையில் விழுந்த கிளிகள்

மெர்ல் கோணிச்சாக்கைக் குட்டைக்குள் வீசி இழுத்தாள். தண்ணீரே தெரியவில்லை, கிளிகள்தான் வந்தன. பச்சையும் மஞ்சளுமாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிக் கனத்துப்போய். கரையில் கொட்டிவிட்டு மறுபடி வீசினாள். அப்பாவைக் குளிப்பாட்ட ஒரு வாளியாவது தேற வேண்டும்.

விடிந்ததிலிருந்து அப்பா இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். வெயில் தாங்காத பட்ஜி கிளிகள் கூட்டம் கூட்டமாய் வந்து தண்ணீரில் விழுந்தன. பின்னால் வந்தவை முன்னால் விழுந்தவற்றை அமுக்கின. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. "ஆடு குடிக்கலன்னா நாம எதுக்கு இங்க இருக்கோம்?" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவர், உச்சிக்கு முன்பே கரையில் குப்புற விழுந்தார். தூக்கும்போது மூச்சில்லை.

அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே ஒரு காலத்தில் இந்தக் கிளிகளால்தான். மழை பெய்த வருஷங்களில் அப்பா வலைபோட்டுப் பிடித்து, பெட்டிகளில் அடைத்து, அடிலெய்டுக்கு ரயிலேற்றுவார். அங்கிருந்து கப்பலில் லண்டனுக்கு. "நம்ம புள்ளைங்க இந்நேரம் ஏதாவது சீமாட்டி வீட்டு ஜன்னல்ல உக்காந்து பிஸ்கோத்து தின்னும்" என்று சிரிப்பார். ஒன்றை மட்டும் அம்மாவுக்கென்று கூண்டில் வைத்திருந்தார்.

மெர்ல் வாளியை உள்ளே கொண்டுவந்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுலயா?"

"வேற ஏதும்மா?"

"மழைத்தொட்டில இருக்கே."

குழி தோண்டப் போன தம்பி லெஸ், கடப்பாரையோடு வாசலில் நின்றான். "அதுல அடியில கொஞ்சந்தாம்மா கெடக்கு. உசுரோட இருக்கறவங்களுக்கே பத்தாது."

"உங்கப்பன்டா அது."

லெஸ் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதிரியார் வந்துரட்டுமே," என்றாள் அம்மா.

"அவரு நாளைக்குத்தான் வருவாரு. இந்த வெயில்ல அப்பாவ அதுவரைக்கும் வச்சிருக்க முடியாதும்மா," என்றான் லெஸ்.

அம்மா எழுந்துபோய்க் கூண்டுக்குள் கைவிட்டு, சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். காலையில் அப்பா ஊற்றி வைத்த மழைத்தண்ணீர். கிளி திறந்த அலகோடு ஓரத்துக்கு நகர்ந்தது. அம்மா கவுன் நுனியை நனைத்து அப்பாவின் நெற்றியைத் துடைத்தாள். பிறகு கண்களை. மீசையில் ஒட்டியிருந்த இறகை விரலால் எடுத்தாள். தாடைக்கு வரும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"மிச்சத்த நீ பாரு," என்று மெர்லிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மெர்ல் குட்டைத் தண்ணீரால் கழுவினாள். கை, நகக்கண், வெயிலறியாத வெளுத்த பாதம். நாற்றம் போகவில்லை; கூடியது. கிண்ணத்தை யாரும் மறுபடி நிரப்பவில்லை. அப்பாவைப் போர்வையில் சுற்றும்போது கிளி கூண்டின் தரைக்கு இறங்கியிருந்தது.

கழுவிய தண்ணீரை வெளியே கொட்ட வாளியைச் சாய்க்கப் போனாள்.

"அக்கா, கொட்டாத," என்றான் லெஸ். "குதிரைக்கு ஆகும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவன் லாயத்துக்குப் போய், அப்பாவின் கிழட்டுக் குதிரையை நடத்திவந்தான். அது மோந்து பார்த்துத் தலையைத் தூக்கிற்று. காதுகளை மடக்கிச் சற்று நேரம் நின்றது. பிறகு குனிந்து குடித்தது. மெர்ல் மண்டியிட்டு, வாளி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.