எந்த உளைச்சல்

மதிவதனிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நாலு எட்டு நடந்தால் எங்கேயாவது சாய வேண்டும். குத்தாலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் இதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மனசுக்காரர்கள் துறுதுறுப்பு என்றார்கள். மற்றவர்கள் அடங்காப்பிடாரி என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு டீச்சர், "உனக்கு மட்டும் பெஞ்சுல முள்ளா வெச்சிருக்கு?" என்று கேட்டார். முள் பெஞ்சில் இல்லை, முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் இருக்கிறது என்று சொன்னால் வகுப்பே சிரித்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை.

எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் வலி ஆரம்பித்தது. மூன்று வருஷமாகிவிட்டது. முதலில் கால், பிறகு இடுப்பு, போன தையிலிருந்து கைமணிக்கட்டும். வீக்கம் கிடையாது, சிவப்புக் கிடையாது, அடிபட்ட தழும்புகூடக் கிடையாது. வெளியே காட்ட ஒன்றுமே இல்லாத வலி. காட்ட முடியாததை யார் நம்புவார்கள்?

அம்மா அம்சவல்லியிடம்தான் முதலில் சொன்னாள். "அம்மா, கால் உளையுது."

அம்சவல்லி நடவு நடுகிறவள். விடிந்ததும் சேற்றில் இறங்கி, நாள் பூரா குனிந்து நட்டு, சாயங்காலம் கரையேறும் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லும் வார்த்தை அது. கால் உளையுதுடி, இடுப்பு உளையுதுடி. அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள்.

"வயல்ல கால வெக்காத பொண்ணு, உனக்கு என்னடி உளைச்சல்? எனக்குந்தான் உளையுது. நான் போயி யாருகிட்ட சொல்ல?" என்றாள் அம்மா.

அதற்காக அம்சவல்லியைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. வாதநாராயண இலையைக் கொதிக்கவைத்து ஒத்தடம் கொடுத்தாள். மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அதைக் கேட்டு அம்மாவுக்கு முகம் மலரும், மகளுக்கு அழுகை முட்டும். ரிப்போர்ட்டில் ஏதாவது கெட்டதாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்ணை எந்த சாமிக்குத்தான் பிடிக்கும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. முதல் ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போன இடத்திலெல்லாம் டாக்டர்கள் ஃபைலின் முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பரீட்சை பயமா என்பார்கள். வீட்டில் சண்டையா என்பார்கள். ஒருவர் அம்மாவிடம் ‘சைக்கோசொமாட்டிக்’ என்றார். அம்சவல்லி அதை மூட்டுவாதத்துக்குச் சொல்கிற ருமாட்டிக்குக்குத் தங்கச்சி முறை என்று எடுத்துக்கொண்டு, நடவுக் கும்பல் முழுக்க, "எம்மவளுக்கு சொமாட்டிக்காம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மதிவதனி போனில் தேடிப் பார்த்தாள். மனசால் வருகிற வலி என்று போட்டிருந்தது. அன்றைக்கு வந்தது பயம். வலிக்கே இவ்வளவு பயந்ததில்லை. நானேதான் இதைப் பண்ணிக்கொள்கிறேனா? பெஞ்சை விட்டு எழும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே எழுந்தது.

ஆனி மாதம், குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரத்தில், அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவளைத் தஞ்சாவூருக்குக் கிளப்பினாள். பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசி. இங்கயும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, இனிமே வலி கிலின்னு வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள் மதிவதனி. வேறென்ன சொல்வது? வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைச் சொல்லக் கூடாது என்றால் எப்படிப் பொறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் காலை நீட்டினாள், மடக்கினாள், பையை மடியில் வைத்தாள், கீழே வைத்தாள். "சும்மா இரேன்டி" என்று அம்மா தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

தஞ்சாவூர் டாக்டரம்மா பெயர் அறிவுமதி. முடி பாதி நரைத்தவர். அவரும் முதல் பக்கத்தைத்தான் புரட்டினார்.

"மன உளைச்சல்னு போட்டிருக்கே. ஸ்கூல்ல ஏதாவது பிரச்சனையாம்மா?"

அம்சவல்லி நிமிர்ந்தாள். இத்தனை நாள் இங்கிலீஷில் சொன்னதை இப்போதுதான் தமிழில் கேட்கிறாள். "மனசா? யாருங்க சொன்னா மனசுன்னு?"

"உங்க பொண்ணே சொன்னதா எழுதியிருக்காங்க. முதல்முதல்ல பாத்த டாக்டர்."

மதிவதனிக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. பெங்களூரில் வளர்ந்த ஒரு சின்ன வயசு டாக்டர், தமிழை எழுத்துக்கூட்டிப் பேசுகிறவர். என்ன பண்ணுது என்று கேட்டார். உளைச்சலா இருக்கு சார் என்றாள். அவர் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

"நான் மனசுன்னே சொல்லல டாக்டர்" என்றாள். "உளைச்சல்னுதான் சொன்னேன். கால்ல."

"அதாங்க, நடவு நட்டா உளையுமே, அந்த உளைச்சல்!" அம்சவல்லி எழுந்தே நின்றுவிட்டாள். தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "இங்கேர்ந்து கீழ வரைக்கும் உள்ளுக்குள்ள குடையும். இதுகூடத் தெரியாம மனசுன்னு எழுதிட்டாரா அந்தப் புள்ளாண்டான்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்கம்மா. நீங்க நட்டுட்டு வந்தா அந்த உளைச்சல் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா போயிடுங்க."

அவர் மதிவதனி பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"தூங்கினாத்தானே டாக்டர்."

அம்சவல்லி மகளைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பாயில் படுக்கிறவள். மகள் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு, போனை நோண்டுகிறாள் என்று எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

"ஒரு நாள்கூட விடலயாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா."

"இப்ப?"

"இப்பவுந்தாம்மா."

அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் உடம்பை வைத்தே மகள் உடம்பை அளந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மதிவதனிக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கூடவே கோபமாகவும் இருந்தது. மூன்று வருஷம் ஆச்சே அம்மா.

டாக்டரம்மா முக்கால் மணி நேரம் விரல் விரலாக அழுத்திப் பார்த்தார், குனியச் சொன்னார், நடக்கச் சொன்னார். கடைசியில், "என்னன்னு எனக்கும் இன்னும் தெரியல. ஆனா வலி இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. அடுத்த மாசம் வாங்க, தேடுவோம்" என்றார். முதல் பக்கத்து வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மருந்து என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. அம்சவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சீட்டில் இருந்த ஒரு வேட்டிக்காரர் முன்னால் நின்றாள்.

"பொண்ணுக்குக் கால் வலிங்க. கொஞ்சம் எடம் குடுங்க."

அவர் மதிவதனியை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தானே நிக்குது. என்ன, அடிகிடி பட்டுதா?"

"அடி படல. என்னன்னு டாக்டருக்கே தெரியல. ஆனா வலிக்குது, எந்திரிங்க."

எழுந்தார். மதிவதனி உட்கார்ந்தாள். அய்யம்பேட்டை வருவதற்குள் இடுப்பு குடைய ஆரம்பித்துவிட்டது. கேட்டு வாங்கின சீட்டு, இத்தனை பேர் பார்க்கிறார்கள், எப்படி எழுவது? பல்லைக் கடித்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"எந்திரிக்கணுமா?"

அவள் தலையாட்டினாள்.

"எந்திரி."

அவள் எழுந்ததும் வேட்டிக்காரர் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, இதுக்குத்தானா என்னய எழுப்புனீங்க?"

"ஒக்காந்தாலும் வலிக்கும் அதுக்கு, நின்னாலும் வலிக்கும்" என்றாள் அம்சவல்லி. "நீங்க ஒக்காருங்க. அது கேக்கறப்ப எந்திரிச்சுக் குடுங்க."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி மகளுக்கு முட்டுக்கொடுத்து நின்றாள். வலி இம்மியும் குறையவில்லை. ஆனால் அதை மறைக்க வேண்டிய வேலை இல்லை என்பதே மதிவதனிக்குப் பெரிய ஓய்வாக இருந்தது.

பாபநாசம் தாண்டுவதற்குள் அந்த மனிதர் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் தடவை, அவள் காலை மாற்றி ஊன்றியதுமே, யாரும் சொல்லாமல் எழுந்துகொண்டு, "வாம்மா, ஒக்காரு" என்றார்.