நடக்காத மோதல்

தட்டு வீசிப் பிடிக்கும் எங்கள் ஃபிரிஸ்பி ஆட்டத்தில் நடுவர் கிடையாது. தட்டைத் துரத்தும் நாங்களே நீதிபதி, நாங்களே குற்றவாளி. யாருக்காவது அடிபடும் என்று தோன்றினால் எவரும் "நிறுத்து!" என்று கத்தலாம், எல்லோரும் நின்றுவிட வேண்டும். பிறகு சம்பந்தப்பட்டவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கத்துவது சுலபம். பேசுவதில்தான் உயிர் போகும்.

போன வருடம் இதே ஆட்டத்தில் என் தம்பி ஒருவரோடு மோதி, கழுத்துப் பட்டையோடு மாதக்கணக்கில் கிடந்தான். ஸ்பூனால் ஊட்டியது நான். இன்னொரு முறை அடிபட்டால் கைகால் விளங்காமல் போகலாம் என்று டாக்டர் சொன்னது இருவர் காதிலும்தான் விழுந்தது. தம்பித் துரைக்கு மட்டும் மறந்துவிட்டது. அவனைத் தனியே விடப் பயந்து நானும் அதே அணியில் சேர்ந்தேன். என் கண் ஒரு நாளும் தட்டின் மேல் இருந்ததில்லை.

அன்று கடைசிப் புள்ளி. தட்டு உயரே மிதந்தது. தம்பி அண்ணாந்தபடி ஓடினான். எதிரணி பிளம்பர், வாசலை அடைக்கிற ஆகிருதி, அவரும் அண்ணாந்தபடியே பாய்ந்து வந்தார். நான் கத்தினேன்.

"நிறுத்து!"

பிளம்பர் சறுக்கி நின்றார். தட்டு தரையில் விழுந்தது.

"ஏன்க்கா கெடுத்தே? கைக்கு வந்த பாயிண்ட்!" தம்பி என் மேல் எரிந்து விழுந்தான்.

நான் பிளம்பரிடம், "ஆபத்தான ஆட்டம்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "நான் தொடவே இல்லையே. என்னை முரடன்னு சொல்றீங்களா?"

தொட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன். அவர் மறுத்தால் அந்த வீச்சைத் திரும்ப ஆட வேண்டும்; தட்டு மறுபடி மேலே போகும். வீம்புக்காகவே இருவரும் இன்னும் வேகமாக ஓடுவார்கள்.

"தப்பு சொல்லலீங்க. நீங்க மேலே பார்த்துக்கிட்டே வந்ததைத்தான் சொல்றேன். இவனைப் பார்த்தீங்களா?"

பிளம்பர் யோசித்தார். நல்ல மனிதர். "இல்லீங்க," என்றார் மெதுவாக. "நின்ன பிறகுதான் பார்த்தேன்."

தம்பி சிரித்தான். "அவர் பார்க்கலேன்னா என்ன? நான் பார்த்து ஒதுங்கியிருப்பேன்ல?"

"அப்போ நீ சொல்லு. இவர் எந்தப் பக்கத்திலேர்ந்து வந்தார்?"

தம்பி முன்னால் கை நீட்டினான். பிளம்பரின் காலணி புல்லைக் கீறிய தடம் அவன் முதுகுக்கு நேர் பின்னால் வந்து, ஒரு முழத்தில் நின்றிருந்தது.

தம்பி திரும்பி அதைப் பார்த்தான்.

"அக்கா," என்றான், சின்னப் பிள்ளைக் குரலில். "எனக்குப் பதிலா வேற யாரையாவது இறங்கச் சொல்லேன்."